பக்கத்துக்கு 40 ரூபாய் தருகிறவர் யார்?

"ஒரு பக்கம் டைப் பண்ணா 40 ரூபா. ஒரு நாளைக்கு 25 பக்கம். மாசம் 30,000 கன்ஃபார்ம். லேப்டாப் வேணாம், மொபைல் போதும். ரிஜிஸ்ட்ரேஷன் 1,499 மட்டும்." கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால், அன்றைய பச்சைத் தேயிலை விலைக்கும் யாரோ ஒருவரின் இரங்கல் செய்திக்கும் நடுவில் இப்படி ஒன்று கிடக்கும். அனுப்பியவர் தெரிந்தவராகத்தான் இருப்பார். அவருக்கு அவருடைய சித்தி அனுப்பியிருப்பார். சித்திக்கு யார் அனுப்பினார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த விளம்பரத்தை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு பக்கத்தில் 300 வார்த்தை என்று வையுங்கள். நிமிடத்துக்கு 30 வார்த்தை அடிப்பவருக்குப் பத்து நிமிடம். மணிக்கு ஆறு பக்கம், 240 ரூபாய். இதே பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் மென்பொருள் சில நொடிகளில் முடித்துவிடும், செலவு சில பைசா. அதில் விழும் பிழைகளைத் திருத்த மட்டும்தான் ஆள் வேண்டும். அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒருவருக்கு, டெஸ்ட்கூட வைக்காமல், மொபைலில் அடித்தால் போதும் என்று சொல்லிப் பக்கத்துக்கு 40 ரூபாய் கொடுப்பவர் யார்? அந்தப் பக்கத்தை அவர் யாருக்கு, என்ன விலைக்கு விற்பார்? கோர்ட் வாசலில் டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பேப்பர், இங்க், கடை வாடகை எல்லாம் போக அவர் கையில் பக்கத்துக்கு எவ்வளவு நிற்கிறது என்று சொல்வார்.

வீட்டிலிருந்து வேலை என்று எது வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: இந்த வேலையைக் காசு கொடுத்து வாங்குகிறவர் யார், ஏன் வாங்குகிறார்? பதில் இல்லையென்றால் விற்கப்படும் சரக்கு அந்த 1,499 தான். வாங்குகிறவர் நீங்கள்.

1,499-ஐக் கட்டிவிட்டவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரிய பணம் அதற்குப் பிறகுதான் போகிறது. ஒரு லிங்க், ஒரு யூசர்நேம், ஒரு ஒப்பந்தம் வரும். ஒப்பந்தம் பத்துப் பன்னிரண்டு பக்க பிடிஎஃப். ஆதார், பான், கையெழுத்து, போட்டோ எல்லாம் கேட்பார்கள். ஆறு நாளில் 600 படிவம் முடிக்க வேண்டும், 90 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று எங்கோ நடுப்பக்கத்தில் இருக்கும். படிவத்தில் இருக்கும் எழுத்து வேண்டுமென்றே மங்கலாக இருக்கும். பூஜ்ஜியமா ஓ-வா, ஒன்றா எல்-லா என்று கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்து 600-ஐயும் முடித்தாலும் ஏழாம் நாள் "க்யூசி ரிப்போர்ட்" என்ற தரச் சோதனை முடிவு வரும்: 84 சதவீதம், ஃபெயில். எந்தப் படிவத்தில் எந்தப் பிழை என்று காட்ட மாட்டார்கள். முடிக்காமல் விட்டவருக்கும் இதே கதிதான். அடுத்து "வக்கீல் நோட்டீஸ்" வாட்ஸ்அப்பில் வரும். ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 25,000 கட்டாவிட்டால் கோர்ட் கேஸ், வீட்டுக்குப் போலீஸ் வரும், பாஸ்போர்ட் முடங்கும். பயந்துபோய்ப் பேரம் பேசி 8,000 கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிய மறுவாரம் என்ஓசி (தடையில்லாச் சான்று) சார்ஜ் என்று இன்னொரு தொகை கேட்பார்கள். கட்டுகிற ஆள் என்று அவர்கள் நோட்டில் பெயர் ஏறிவிட்டது அல்லவா.

அந்த நோட்டீஸ் கையில் வந்து நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு ஆகாது. படிவம் டைப் செய்து முடிக்கவில்லை என்பதற்காக யாரையும் போலீஸ் கைது செய்ய முடியாது. அது உண்மையான ஒப்பந்தமாகவே இருந்தாலும் சிவில் விவகாரம்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் அபராதம் 25,000 என்று எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கோர்ட் கொடுக்கச் சொல்லும். எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நோட்டீஸில் வக்கீலின் அலுவலக முகவரியும் பார் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அந்தப் பெயரில் உண்மையில் ஒருவர் இருக்கிறாரா என்று பார் கவுன்சிலில் விசாரிக்கலாம். பணம் கட்டாதீர்கள், போனில் வாதாடாதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, மிரட்டுகிறார்கள் என்று சைபர் கிரைம் தளத்தில் நீங்கள் புகார் கொடுங்கள். ஒன்று மட்டும்: கோர்ட்டிலிருந்தே சம்மன் வந்தால், அதைத் தள்ளிவிடாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

இரண்டாவது வகை டெலிகிராமில் நடக்கிறது. யூடியூப் வீடியோவுக்கு லைக், ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம், மேப்பில் ரிவ்யூ, ஒன்றுக்கு 50 ரூபாய். முதல் மூன்று லைக்குக்கு 150 ரூபாய் உண்மையாகவே அக்கவுண்டில் விழும். சந்தேகம் அங்கேயே பாதி போய்விடும். அப்புறம் ஒரு குரூப்பில் சேர்ப்பார்கள். நூறு பேர் "எனக்கு வந்துடுச்சு" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முக்கால்வாசி அவர்கள் ஆட்கள். பிறகு "ப்ரீபெய்டு டாஸ்க்": 1,000 போட்டால் 1,300. அதுவும் வரும். 5,000 போட்டால் 6,500 என்று ஸ்கிரீனில் காட்டும், ஆனால் எடுக்க முடியாது. மூன்று டாஸ்க் சேர்ந்த "காம்போ" அது, மீதி இரண்டையும் முடித்தால்தான் வரும் என்பார்கள். அடுத்தது 18,000. அதற்கடுத்தது 45,000. நடுவில் தவறான பட்டனை அழுத்திவிட்டீர்கள், உங்களால் குரூப்பில் இருக்கும் மற்ற நான்கு பேர் பணமும் மாட்டிக்கொண்டது என்று அந்த நான்கு பேரும் திட்டுவார்கள். கடைசியில் "வித்ட்ராயல் டாக்ஸ்" 30 சதவீதம் முன்பணமாகக் கேட்பார்கள். வருமான வரியை எந்தக் கம்பெனியும் உங்கள் கையிலிருந்து யுபிஐயில் வாங்காது. பிடிப்பதாக இருந்தால் கொடுக்கும் பணத்தில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் போடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த முதல் 150 ரூபாய் யாருடைய பணம்? பெரும்பாலும் வேறு ஊரில் ஏமாந்த இன்னொருவர் அனுப்பியது. அவர் புகார் கொடுத்தால், பணம் போன பாதையில் இருக்கும் அக்கவுண்ட்களை வங்கிகள் முடக்கும். அந்தப் பாதையில் உங்கள் அக்கவுண்டும் இருக்கிறது. "சும்மா 150 ரூபா வாங்கிட்டு விட்டுடலாம்" என்று விளையாடுகிறவர்கள் சம்பள அக்கவுண்டே ஃப்ரீஸ் ஆகி நிற்பது இதனால்தான். அப்படி ஆனால் வங்கிக் கிளையில் எந்தப் புகார் எண், எந்த மாநிலப் போலீஸ் ஸ்டேஷன் என்ற விவரத்தை எழுத்தில் வாங்கி, அந்த ஸ்டேஷனுக்கு உங்கள் பக்க விளக்கத்தை ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை.

இதைவிட மோசமானது "அக்கவுண்ட் ஹேண்ட்லிங்" வேலை. உங்கள் அக்கவுண்டுக்குப் பணம் வரும், 2 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைச் சொல்லும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அல்லது புது அக்கவுண்ட் திறந்து ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிட்டால் மாதம் 10,000. இதில் நீங்கள் ஏமாந்தவர் இல்லை, சட்டத்தின் பார்வையில் குற்றத்துக்குத் துணைபோனவர். காலேஜ் பையன்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பென்சில் பேக்கிங், ஊதுபத்தி பேக்கிங், லேப்டாப் அனுப்புகிறோம் டெபாசிட் கட்டுங்கள் என்பவையெல்லாம் முதல் வகையின் தம்பி தங்கைகள். மெஷினில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் பேக் ஆகும் பென்சிலை லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் மலைப்பாதை வழியாக உங்கள் வீட்டுக்கு அனுப்பி, மறுபடி இறக்கிக்கொண்டு போக எந்தக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்?

சரி, உண்மையான வேலை எங்கே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அது சுலபமாகக் கிடைக்காது. அதுதான் அதன் அடையாளமும். நல்ல கம்பெனி உங்களைச் சலிக்கும்: டைப்பிங் டெஸ்ட், குரல் டெஸ்ட், வீடியோ இன்டர்வியூ, நெட் வேகம், பழைய வேலையின் ரிலீவிங் லெட்டர். "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று இரண்டு மெசேஜில் முடிந்தால் அது வேலை இல்லை.

மலைக்காரர்களுக்கு ஒரு பலம் இருக்கிறது, பலர் அதை ரெஸ்யூமில் எழுதுவதே இல்லை. மொழி. கூடலூர், பந்தலூர் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவார்கள், கன்னடமும் காதில் இருக்கும். படுகு வீட்டுமொழியாக உள்ளவர்களுக்குக் கன்னடம் பிடிபட அதிக நாள் ஆகாது. வாடிக்கையாளர் சேவை வேலைகளில் ஒரே ஆள் இரண்டு மூன்று தென்னிந்திய மொழி பேசினால் கம்பெனிக்குப் பெரிய வசதி. "லாங்வேஜஸ்: தமிழ், மலையாளம், பேசவும் எழுதவும்" என்று முதல் வரியிலேயே போடுங்கள். வேலை தேடும் தளங்களிலும் "மலையாளம் வாய்ஸ் ப்ராசஸ்", "கன்னடம் சாட் சப்போர்ட்" என்று மொழிப்பெயரோடு தேடுங்கள். "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று மட்டும் தேடினால் குப்பைதான் மேலே வரும்.

நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போடும் மெடிக்கல் கோடிங் நிஜமான துறை. சிபிசி என்ற சான்றிதழ் தேர்வுக்கு நான்கு மணி நேரத்தில் 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. லைஃப் சயின்ஸ், நர்சிங், பார்மசி படித்தவர்களுக்குப் பொருந்தும். ஆனால் புதியவரை முதல் நாளிலிருந்தே வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவது அரிது. கோவையிலோ சென்னையிலோ கொஞ்ச காலம் ஆபீஸ் போய்த்தான் அந்த நிலைக்கு வர முடியும். "40,000 கட்டுங்க, கோர்ஸ் முடிச்சதும் ஊட்டியிலேயே உட்கார்ந்து வேலை" என்று சொல்லும் பயிற்சி நிலையத்திடம், கடந்த பேட்ச்சில் வேலைக்குப் போன மூன்று பேரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். எண்ணைக் கொடுக்கத் தயங்கினால் பஸ் ஏறிவிடுங்கள்.

ஆடியோவைக் கேட்டு எழுத்தாக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன், மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் ஆகியவற்றில் ஏமாற்று குறைவு, ஏமாற்றம் அதிகம். ஒரு மணி நேர ஆடியோவை எழுதப் பழகியவருக்கே சுமார் நான்கு மணி நேரம் ஆகும். புதியவருக்கு ஆறும் ஆகலாம். ஆகவே "ஆடியோ நிமிடத்துக்கு 10 ரூபாய்" என்று கேட்டால் மணிக்கு 600 என்று கணக்குப் போடாதீர்கள். 600-ஐ நான்கால் வகுங்கள், 150. ஆறால் வகுத்தால் 100. இப்போது பலரும் மெஷின் எழுதியதைத் திருத்தத்தான் ஆள் தேடுகிறார்கள், அதற்குக் கூலி இன்னும் குறைவு. செயற்கை நுண்ணறிவுக்காகத் தமிழ்க் குரல் பதிவு, படங்களுக்குக் குறிப்பு எழுதுவது போன்ற வேலைகளும் வருகின்றன. இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. வீட்டு வாடகையை இதை நம்பி வைக்க முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கிடைக்கும் ஃபிரீலான்ஸ் தளங்களில் கமிஷனையும் கணக்கில் சேருங்கள். ஃபைவரில் 20 சதவீதம் போகும், 50 டாலர் வேலைக்குக் கையில் 40. அங்கே வரும் முதல் மெசேஜே "டெலிகிராமுக்கு வாங்க பேசலாம்" என்றால், தளத்தின் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே இழுக்கிறார் என்று பொருள்.

என்னைக் கேட்டால், மலையில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளூர் வேலை. டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி தாக்கலும் தெரிந்த ஒருவருக்கு ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பத்துக் கடை, நான்கு காட்டேஜ் கிடைத்தால் போதும். மாதாமாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி 3பி என்ற வரிக் கணக்கு, நிற்காத வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறுகடைக்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் 3பி கடைசி நாள் 22. காட்டேஜ்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: சீசனில் புக்கிங் தளங்களில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. இ-பாஸ் எப்படி எடுப்பது, கார் வாசல் வரை வருமா, ஹீட்டர் உண்டா என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்பார்கள். ஐந்து காட்டேஜுக்குச் சேர்த்து அந்தப் பதில்களை வீட்டிலிருந்து சொல்வதற்கு மாதச் சம்பளம் பேசலாம். சம்பளம் தராவிட்டால் நேரில் போய்க் கேட்கலாம், அந்த வசதியை டெலிகிராம் முதலாளி தர மாட்டார். காட்டேஜுக்கு உரிமம் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீல் வைத்தால் உங்கள் சம்பளமும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

காசு கேட்காத இடங்களில் தேட, மாநில அரசின் தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும் மத்திய அரசின் நேஷனல் கேரியர் சர்வீஸ் தளமும் இருக்கின்றன. இரண்டிலும் பதிவு இலவசம். நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டியிலும், கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல்லிலும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமில் கம்பெனிக்காரரை நேரில் பார்த்து, "வீட்டிலிருந்து வேலை உண்டா, எத்தனை மாசம் கழிச்சு?" என்று முகத்தைப் பார்த்தே கேட்கலாம்.

ஆஃபர் கையில் வந்த பிறகு செய்ய வேண்டிய சரிபார்ப்புக்கு அரை மணி நேரம் போதும். கம்பெனியின் பதிவு எண்ணான சிஐஎன்னைக் கேளுங்கள், எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 21. அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் பாதிப் பொய் அங்கேயே உடையும். முதல் எழுத்து பங்குச்சந்தையில் பட்டியலிட்டதா இல்லையா என்பது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு இரண்டு எழுத்து மாநிலம்: சென்னைக் கம்பெனிப் பதிவாளர் என்றால் டிஎன், கோவைப் பதிவாளர் என்றால் டிஇசட். அடுத்த நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. "பதினைந்து வருஷ அனுபவம்" என்று சொல்லும் கம்பெனியின் எண்ணில் 2025 இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, பதிவிலிருந்து நீக்கப்பட்டதா என்று தெரியும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும், மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அந்தக் கம்பெனியின் பான். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே தேடலாம். பெயரும் முகவரியும் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும்.

எல்லாம் ஒத்துப்போனாலும் போதாது. நிஜக் கம்பெனியின் பெயரையும் எண்ணையும் திருடிப் போடுவதுதான் இப்போதைய வழக்கம். அதனால் லெட்டரில் இருக்கும் போன் எண்ணில் கூப்பிட்டு விசாரித்துப் பயனில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்தை நீங்களே தேடிப் போய், அங்கிருக்கும் எண்ணிலோ மின்னஞ்சலிலோ "இப்படி ஒரு ஆஃபர் உங்களுடையதா?" என்று கேட்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். கம்பெனியின் பெயரோடு ஒரு கோடு போட்டு "கேரியர்ஸ்", "ஹெச்ஆர்", "இந்தியா" என்று எதையாவது ஒட்டியிருந்தால் அது வேறு ஆளின் டொமைன், எழுநூறு எண்ணூறு ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஜிமெயிலில் ஆஃபர் வந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆவணம் கொடுக்கும்போது ஆதாரின் முதல் எட்டு இலக்கம் மறைந்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். பான் நகலின் குறுக்கே "இன்ன கம்பெனி வேலைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், உங்கள் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று கிரெடிட் ரிப்போர்ட்டில் பாருங்கள். சிபில் உட்பட இந்த ரிப்போர்ட் தரும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாதி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே முடக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் ஃபைல்) "எங்க ஆபீஸ் ஆப்" என்று சொன்னாலும் போடாதீர்கள், அது உங்கள் ஓடிபியைப் படிக்கும். சம்பளம் வாங்க யுபிஐ பின் போடச் சொன்னால் போனை வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை.

இனி மலையின் சொந்தப் பிரச்சினை. இன்டர்வியூவில் தேறி, மழையில் வேலை போனவர்கள் உண்டு. கூடலூர், பந்தலூர், தேவாலாவுக்குத் தென்மேற்குப் பருவமழை, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கரண்டை நம்ப முடியாது. குன்னூர், கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மரம் விழுந்தால் மின்கம்பியும் ஃபைபரும் சேர்ந்தே அறும், ஏனென்றால் இரண்டும் ஒரே கம்பத்தில் போகிறது. ஆகவே இரண்டாவது இணைப்பாக இன்னொரு ஃபைபர் வாங்கிப் பயனில்லை, மொபைல் டேட்டாதான் வேண்டும். அதையும் வாங்கும் முன், வேலை செய்யப் போகும் அறையில், சாயங்காலம் எட்டு மணிக்கு, மழை நாளில் சோதியுங்கள். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குரல் வேலைக்கு அப்லோடும், பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) நிலையாக நிற்கிறதா என்பதும்தான் முக்கியம். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு நான்கு பார் காட்டினாலும் பேச்சு விட்டுவிட்டு வரும்.

கரண்ட் போனாலும் ஃபைபர் அறுபடாதவரை நெட் வரும், உங்கள் மோடத்துக்கு மின்சாரம் இருந்தால். அதற்குப் பெரிய இன்வெர்ட்டர் தேவையில்லை, ரவுட்டர் யுபிஎஸ் என்று சின்னப் பெட்டி கிடைக்கிறது. வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரைத் திருப்பி, அவுட்புட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 அல்லது 2 ஆம்ப். வோல்ட் அச்சாக ஒத்துப்போக வேண்டும், ஆம்ப் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். 9 வோல்ட் மோடத்துக்கு 12 வோல்ட் பெட்டியைச் செருகினால் மோடம் போய்விடும். 12-க்கு 9 கொடுத்தால் விளக்கு எரியும், நெட் வராது, நெட் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நாள் முழுக்கக் கரண்ட் போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டர்தான். 150 ஏஹெச் (ஆம்ப்-மணி), 12 வோல்ட் பேட்டரி என்றால் பெயரளவில் 1,800 வாட்-மணி. நடைமுறையில் 1,000 கிடைத்தால் நல்லது, குளிரில் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு இன்னும் குறையும். லேப்டாப் 60, மோடம் 15, ஒரு பல்பு 10, மொத்தம் 85 வாட். பதினோரு மணி நேரம் ஓடும், ஒரு ஷிஃப்ட் தாங்கும். யாராவது கெட்டில் போட்டால் தாங்காது. லைன் அறுந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் போட்டு அந்தப் புகார் எண்ணை மேனேஜருக்கு அனுப்புங்கள். "கரண்ட் இல்ல சார்" என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பணம் போய்விட்டது என்றால் முதலில் 1930, சைபர் மோசடிக்கான உதவி எண். உறவினரிடம் சொல்லி, யோசித்து, மறுநாள் போன் செய்வதற்குள் பணம் நான்கைந்து அக்கவுண்ட் தாண்டியிருக்கும். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கி, அக்கவுண்ட் எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தேதி, நேரம், தொகை, யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் 12 இலக்கமாக யுடிஆர் இருக்கும், முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகார். வங்கிக்கும் அதே நேரத்தில் எழுத்தில் சொல்லுங்கள். மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் பணம் திரும்ப வரும் என்று பரவலாகப் பேசுகிறார்கள். அது உங்களுக்குத் தெரியாமல், உங்கள் தவறும் இல்லாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கான விதி. நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. அதனால்தான் 1930-க்கு எத்தனை நிமிடத்தில் கூப்பிட்டீர்கள் என்பது இவ்வளவு முக்கியம்.

டெலிகிராம் உரையாடலை எதிராளி தன் பக்கத்திலிருந்தே உங்கள் போனிலும் சேர்த்து அழித்துவிட முடியும். ஆகவே அவரிடம் "போலீஸுக்குப் போறேன்" என்று சொல்வதற்கு முன், குரூப்பின் பெயர், அவருடைய யூசர்நேம், பணம் போடச் சொன்ன யுபிஐ ஐடி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்துவிடுங்கள். நேரில் போவதானால் நீலகிரி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் ஊட்டியில். கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டர் போய்வர ஒரு நாள் கூலி போகும் என்று சும்மா இருந்துவிட வேண்டாம், 1930-ம் இணையதளமும் வீட்டிலிருந்தே நடக்கும், பக்கத்து ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுக்கலாம்.

புகார் கொடுத்த சில வாரத்தில் இன்னொரு போன் வரலாம். "உங்க பணம் ட்ரேஸ் ஆயிடுச்சு சார், ரிலீஸ் பண்ண 4,500 ப்ராசஸிங் ஃபீஸ்." உங்கள் பெயர், போன தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள், அந்த விவரமெல்லாம் எடுத்தவர்களிடம்தானே இருக்கிறது.